மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள்

அளவெடுக்க இன்ச் டேப்பை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்ததும் பெண்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். என்னிடம் வருகிற அநேகமாக எல்லோருமே செய்வது இது. பத்தொன்பது வயதுப் பிள்ளையும் செய்யும், பேரப்பிள்ளை கண்ட அம்மாயியும் செய்வார். நான் டேப்பைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, வீட்டு விசயம் எதையாவது கேட்பேன். பதில் சொல்ல மூச்சை விட்டுத்தான் ஆகவேண்டும். அப்போது டேப்பில் வருவதுதான் அவருடைய அளவு. மூச்சை இழுத்துப் பிடித்த அளவில் தைத்த ஜாக்கெட், மறுநாள் தேயிலை மலையில் கொழுந்துக் கூடையை மாட்டி இரண்டு கையையும் நீட்டியதுமே கொக்கி தெறித்துவிடும்.

நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தவள்தான். ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம், லயத்துக் காம்பரா. பதினாறு வயதில் என் மார்புச் சுற்றளவு 42 இன்ச். அந்த வருடம் தோட்டத்தில் கொடுத்த தீபாவளி அட்வான்ஸை முந்தானையில் முடிந்துகொண்டு அம்மா என்னை டவுனுக்குக் கூட்டிப்போனார். கடையில் நின்ற பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தது. நாங்கள் இன்னும் எதையும் கேட்கவில்லை. “ஒங்க சைஸ் இல்ல” என்றது. மூன்று கடை ஏறி இறங்கினோம். கடைசியில் அம்மா கறுப்புத் துணி வாங்கி, லயத்தில் தைக்கிற ஒருவரிடம் கொடுத்தார். உரப்பையைக் கவிழ்த்ததுபோல் ஒரு சட்டை வந்தது. அட்வான்ஸ் பணம் மாதம் மாதம் அம்மாவின் சம்பளத்தில் கழிந்துகொண்டே இருந்தது. அந்தச் சட்டையை நான் தீபாவளியன்று காலை மட்டும்தான் போட்டேன்.

தோட்டத்தில் பருத்த உடம்பைப் பார்த்தால் வேலை செய்யாத உடம்பு என்பார்கள். “கொழுந்து எடுக்கிறவ வீட்டுப் புள்ளைக்கு இவ்வளவு ஒடம்பு எங்கேருந்து வந்துச்சு?” என்று குழாயடியில் கேட்டவர்கள் கெட்டவர்களில்லை. கண்ணுக்கு எட்டியதைச் சொன்னார்கள். ஆனால் என் அம்மாவுக்கும் இதே உடம்புதான். அந்த உடம்போடுதான் முப்பது வருடம் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போனார், மழையில் படங்கைச் சுற்றிக்கட்டிக்கொண்டு மலை ஏறினார், இறங்கினார். கொழுந்து நிறை குறைந்து, பாதிச் சம்பளம் மட்டும் கிடைக்கிற அரைப்பேர் விழுந்த நாட்கள் அவருக்கு மிகவும் குறைவு. அந்த உடம்பை வேலை செய்யாத உடம்பு என்று எப்படிச் சொல்ல முடியும்?

மலையகத்துப் பெண் என்றால் வெளியே ஒரு படம் இருக்கிறது. தேயிலைப் பெட்டியில் பார்த்திருப்பீர்கள். மெல்லிய இடுப்பு, கசங்காத சேலை, பல் தெரியும் சிரிப்பு. செய்திகளில் வருகிற படம் வேறு: ஒட்டிய கன்னம், குச்சிக் கை. பசியும் இரத்தசோகையும் எங்கள் தோட்டங்களில் உண்மை, அதை மறைக்க நான் இதை எழுதவில்லை. கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியுமாக உண்டு வளர்ந்து, பருத்த உடம்போடு மலையேறுகிற பெண்களும் அதே அளவுக்கு உண்மை. அவர்கள்தான் எந்தப் படத்திலும் இல்லை.

சாதாரண தரம் எழுதிய கையோடு கட்டுநாயக்கவுக்குப் போனேன். 1978இல் அங்கே சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய நாளிலிருந்தே ஊர் ஊராகப் பெண்பிள்ளைகள் காமெண்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நான் வேலை செய்த லைனில் ஒரு நாள் வெளிநாட்டுக்குப் போகிற குளிர் ஜாக்கெட்டுகள் வந்தன. எஸ், எம், எல் என்று போய், மூன்று எக்ஸ்எல் வரை. அந்தக் கடைசி அளவைக் கையில் தூக்கியபோது எனக்குக் கை நடுங்கியது. கடல் கடந்த ஊரில், என் அளவில் ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்காக ஒருவர் பேட்டன் வரைந்திருக்கிறார், அவள் வருவாள் என்று ஒரு கடை காத்திருக்கிறது. தைப்பது நான்.

சாம்பிள் பகுதியில் இருந்த ஒரு சிங்கள அக்காதான் எனக்கு கிரேடிங் என்றால் என்னவென்று காட்டினார். ஒரு நடு அளவை வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த சைஸுக்கு எல்லாப் பக்கமும் ஒரு கணக்கில் கூட்டிக்கொண்டே போவது. மார்பு கூடும், இடுப்பு கூடும், கூடவே தோளும் அகலும். ஆனால் பெண்ணுடைய தோளெலும்பு அவளுடைய மார்பு பெருக்கிற வேகத்தில் அகலுவதில்லை. அதனால்தான் பெரிய சைஸ் உடுப்பு தோளிலிருந்து வழிந்து, கைக்குழி முழங்கை வரை தொங்கும். அக்கா என் சட்டையின் தோளில் சாக்குக் கட்டியால் ஒரு கோடு இழுத்து, ஒன்றரை இன்ச் உள்ளே பிடித்து, ஊசி குத்திக் காட்டினார். கண்ணாடியில் பார்த்தேன். பதினாறு வயதிலிருந்து நான் என் உடம்பின் மேல் போட்ட பழியெல்லாம் அந்தத் தோள் தையலுக்குப் போக வேண்டியது.

பெரிய உடம்புக்கு உடுப்புச் செய்வது ஒரு கலையாக எங்கே தொடங்கியது என்று பிறகு தேடி வாசித்தேன். லித்துவேனியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன லீனா பிரையன்ட் என்கிற தையற்காரி, இளம் விதவை, கையில் குழந்தை. கணவர் கொடுத்த வைரத் தோடுகளை அடகு வைத்துத் தையல் மெசின் வாங்கினார். 1904இல் நியூயோர்க்கில் கடை திறந்தார். வங்கிக் கணக்குப் படிவத்தில் லீனா என்பது லேன் என்று பிழையாக விழ, கடைக்கும் அதுவே பெயராகி, இன்றுவரை லேன் பிரையன்ட்தான். பதிவேட்டில் எழுதுகிறவர் கைத்தவறு ஆயுள் முழுக்கப் பெயராக ஒட்டிக்கொள்வது மலையகத்தில் பிறந்த எவருக்கும் புதிதல்ல, அதனால் இந்த இடத்தில் எனக்கு அவர் சொந்தக்காரியாகிவிட்டார். முதலில் கர்ப்பிணிகளுக்கு, பிறகு பருத்த பெண்களுக்கு. பொறியியலாளரான அவருடைய இரண்டாவது கணவர் சுமார் 4,500 வாடிக்கையாளர்களை அளந்தார். காப்புறுதி நிறுவனம் ஒன்றிடமிருந்து ஏறக்குறைய 200,000 பெண்களின் அளவுகளையும் வாங்கிச் சேர்த்தார். பெரிய பெண்களிலும் உடல்வாகு பலவகை என்று கண்டுகொண்டது அப்படித்தான். ஒருவருக்கு மேலுடல், இன்னொருவருக்கு இடுப்பு, வேறொருவருக்கு எல்லாம் ஒரே சீர். இரண்டு இலட்சம் பேரை அளந்து சொன்னதை எங்கள் லயத்தில் பன்னிரண்டு பேரை அளந்தாலே நீங்களும் காணலாம்.

ஊருக்குத் திரும்பி மெசின் போட்டது அம்மாவின் காலுக்காக. மூட்டுவலியில் அவர் வேலையை விட்டிருந்தார். அப்போதிருந்து கற்றுக்கொண்டதில் கைக்கு உதவுகிற சிலவற்றைச் சொல்கிறேன். பெரிய அளவு ஜாக்கெட்டுக்கு 80 சென்ரிமீற்றர் துண்டை வாங்காதீர்கள், ஒரு மீற்றர் வேண்டும். துணி போதாமல் வெட்டுகிறவர் முதலில் களவெடுப்பது கைச்சுற்றிலும் அக்குளிலும்தான். மார்பை ஒரே இடத்தில் அளந்தால் போதாது. மேல்மார்பு, நடுமார்பு, மார்புக்குக் கீழ் என மூன்று அளவும், மேல்கைச் சுற்றும் வேண்டும். உள்ளே ஒன்றரை இன்ச் தையல்விளிம்பு விடச் சொல்லுங்கள். உடம்பு ஒரு வருடத்தில் கூடும் குறையும், அதற்காக ஜாக்கெட்டைத் தூக்கி எறியக் கூடாது. இனி, பலர் நம்பாதது ஒன்று. கை தாராளமாக அசையவேண்டும் என்று கைக்குழியை இறக்கி வெட்டச் சொல்வார்கள். இறக்கினால் கை தூக்கும்போது முழு ஜாக்கெட்டும் மேலே ஏறும். கைக்குழியை உயர்த்தி வெட்டி, அக்குளில் உள்ளங்கை அளவு சாய்சதுரத் துண்டொன்று வைத்துத் தைத்தால் கொழுந்தெடுக்கிற கைக்கு அதுதான் சுகம். கூடைக் கயிறு தலையில் இழுக்க, உடம்பு முன்னால் குனிய, முதுகுப் பக்கம் குளிரில் திறந்துபோகும். அதற்குப் பின்பக்கத்தை இரண்டு இன்ச் நீட்டிவிடுகிறேன். எங்கள் பெண்கள் கேட்டு வாங்குகிற வேலை அது.

பருத்தவர்கள் கறுப்புத்தான் உடுத்தவேண்டும், நெடுங்கோடுதான் போடவேண்டும் என்று புத்தி சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. உடம்பைச் சிறிதாகக் காட்டுவது ஒன்றே உடுப்பின் வேலையா? பனிமூட்டம் இறங்கிய மலையில், நாலு நிரைக்கு அப்பால் என் அம்மா எங்கே நிற்கிறார் என்று சிறுவயதில் நான் கண்டுபிடித்தது அவருடைய செம்மஞ்சள் சேலையைப் பார்த்துத்தான்.

தைக்க வசதி இல்லாதவர்கள் நுவரெலியாவில் பேல் பஜாருக்குப் போய்ப் பாருங்கள். ஏற்றுமதியில் மிஞ்சிய உடுப்பும் குளிர் ஜாக்கெட்டும் அங்கே குவிந்து கிடக்கும். வெளிநாட்டுப் பெண்களுக்குத் தைத்தவை என்பதால் உள்ளூர்க் கடையில் கிடைக்காத பெரிய அளவுகள் அகப்படும். லேபிளில் எழுதிய சைஸை நம்பவேண்டாம். டேப்பைக் கையோடு கொண்டுபோய் மார்பகலத்தைப் பார்த்து எடுங்கள். தோளை வீட்டில் பிடித்துக்கொள்ளலாம்.

படம் வரைவது பேட்டன் தாளின் பின்பக்கத்தில் தொடங்கியது. மழைநாளில் வேலை குறைவாக இருக்கும்போது, முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆளை வரைந்து பார்ப்பேன். முதலில் எல்லாம் பலூன்போல வந்தது. உடம்பின் வெளிக்கோட்டை முதலில் இழுத்ததுதான் பிழை. இப்போது பாரம் எங்கே இறங்குகிறதோ அங்கிருந்து தொடங்குகிறேன்: வாங்கில் அழுந்துகிற தொடை, நிலத்தில் ஊன்றுகிற உள்ளங்கால். பிறகு மடிப்புகளின் நிழல். முழங்கை மடிப்பு, ஜாக்கெட்டுக்கும் சேலைக்கும் நடுவில் தெரிகிற வயிற்று மடிப்பு. வெளிக்கோடு கடைசியில்தான். கொலம்பிய ஓவியர் பெர்னாண்டோ பொடேரோ (1932–2023) தான் வரைவது கொழுப்பை அல்ல, கனபரிமாணத்தை என்று திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். மடிப்பில் நிழல் விழுத்தப் பழகிய பிறகுதான் அந்தப் பேச்சு எனக்கு விளங்கியது. மைக்கும் காசு தேவையில்லை. டஸ்ட் தேயிலையைக் கெட்டியாகக் காய்ச்சி வற்றவிடுங்கள். துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் சில நாள் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் கலந்தால் தேயிலைக் கசப்பும் இரும்பும் சேர்ந்து கருஞ்சாம்பல் நிறம் வரும். தனிச் சாயம் தோலுக்கு, ஆணிச் சாயம் நிழலுக்கு.

தேயிலையைக் கொண்டே படைப்பது என் கண்டுபிடிப்பு அல்ல. மலையகத்திலிருந்து போய் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்ற ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைப் பைகளையும் வடிகட்டிகளையும் எடுத்துத் தோட்டப் பெண்களின் வாழ்க்கையைக் கலையாக்கியிருக்கிறார். அவருடைய படைப்புகளைப் பார்த்த அன்று, சமையற்கட்டில் கிடக்கிற வடிகட்டிக்கும் சித்திரத்துக்கும் நடுவில் நான் நினைத்திருந்த தூரம் இல்லாமற்போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் தாண்டி பொகவந்தலாவைக்கு பஸ் ஏறினேன். அங்கே புனித மரியாள் ஆலயத்தில் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரனின் கல்லறை இருக்கிறது. 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். சகோதரிகள் அழகுக்குப் பேர்போனவர்கள், இவரை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. 1863இல் மகள் ஒரு கமரா வாங்கிக்கொடுத்தபோது அவருக்கு வயது 48. கைவிரலிலும் உடுப்பிலும் மருந்துக் கறையோடு, உலகம் இன்றும் பேசுகிற முகங்களை அதற்குப் பிறகுதான் எடுத்தார். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாவில் இறந்தார். இங்கே அவர் எடுத்த படங்களில் தோட்டத்து வேலையாட்களும் இருக்கிறார்கள். கல்லறைக்குப் பக்கத்தில் நின்றபோது எனக்குள் இரண்டு நினைப்பு. நாற்பத்தெட்டில் தொடங்கியவரே இவ்வளவு செய்தாரே என்ற தெம்பு ஒன்று. எங்கள் ஆட்களின் முகத்தை எடுத்தவர் பெயரை எழுதி வைக்காமல் போனாரே என்ற வருத்தம் மற்றது. அன்றிலிருந்து நான் வரைகிற ஒவ்வொரு படத்தின் கீழும் ஆளின் பெயரை, அவர் சொல்கிறபடி, அவர் கையாலேயே எழுதவைக்கிறேன். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன்.

அம்மாவை வரைந்த படம் மெசினுக்கு மேலே தொங்குகிறது. ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருக்கிறார். பழைய ஜாக்கெட்டில் மூன்றாவது கொக்கி எட்டாமல் ஊசி குத்தியிருப்பார், அந்த ஊசியையும் அப்படியே வரைந்திருந்தேன். எங்கள் பெண்கள் அத்தனை பேர் நெஞ்சிலும் ஓர் ஊசி இருக்கும். அதை விட்டுவிட்டு வரைய எனக்கு மனம் வரவில்லை. போன மாதம் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“மூஞ்சி நல்லாத்தான் வந்திருக்கு. அந்த ஊசிய மட்டும் எடுத்துரு புள்ள.”

“ஏம்மா, ஊசி இருந்திச்சில்ல?”

“அப்ப இருந்திச்சி. இப்பதான் நீ அளவா தச்சிக் குடுத்திட்டியே.”

அதை நான் அழிக்கவில்லை. புதுத் தாளில் இன்னொன்று தொடங்கியிருக்கிறேன். செம்மஞ்சள் சேலை, நான் தைத்த ஜாக்கெட். வெயில் வருகிற பத்து மணிக்கு வாசல் திண்ணையில் வந்து உட்காருகிறார். அரைமணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருக்க அவரால் முடியாது, அதனால் இன்னும் கைகள் வரைந்து முடியவில்லை.