ரகசியமா, புகாரா?

கேள்வி: பாலியல் கொடுமைக்கு ஆளான மாணவி, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா" என்று கெஞ்சினால் சமூகப் பணியாளர் என்ன செய்வது?

பதில்: ரகசியம் காப்பது சமூகப் பணியின் அடிப்படை நெறி. ஆனால் 18 வயது நிரம்பாதவர் விஷயத்தில் சட்டம் அதற்கு எல்லை வகுத்திருக்கிறது. குற்றம் நடந்தது தெரிந்தவர் எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவு. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை.

ஆகவே, புகார் செய்வதா என்பதல்ல, எப்படிச் செய்வது என்பதே கேள்வி. அந்தப் பெண்ணின் பயம் பொய்யல்ல: அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பு நின்றுவிடலாம். அவளுக்குத் தெரியாமல் புகார் கொடுப்பது இரண்டாவது துரோகம். முதலில் அவளிடமே விளக்க வேண்டும். வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ விரும்பும் இடத்திலோ பதியலாம். காவலர் சீருடையில் வரக் கூடாது. அவள் பெயர் ஊடகத்தில் வராது. இவை சட்டம் தரும் உறுதிகள்.

பதினேழு வயதுக் காதல் உறவு இதைவிடக் கடினம். சம்மதத்தைச் சட்டம் ஏற்பதில்லை. கருக்கலைப்பின்போது சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் புகாரில் அடையாளத்தைத் தவிர்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. சமூகப் பணியாளரைப் பற்றி அது பேசவில்லை.

"எல்லாம் ரகசியம்" என்ற வாக்குறுதியை முதல் சந்திப்பில் தரவே கூடாது. எது வெளியே போகும் என்பதை, குழந்தை வாய் திறக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.