எந்தச் சட்டம்? எந்த மன்றம்?

பீர்மேட்டிலிருந்து குமுளி வழியாகக் கம்பத்துக்கு இறங்குவோர் ஒரே சாலையில் இரண்டு மாநிலங்களைக் காண்கின்றனர். 1956இல் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது பீர்மேடு கேரளத்தோடு நின்றது. ஆயினும் எங்கள் கொடுக்கல் வாங்கல் மலையின் இருபுறமும் நடைபெறுகிறது. சட்டம் பயில்கிறேன் என்பதால் ஊரார் என்னிடம் கேட்கும் வினா ஒன்றுண்டு: “சென்னைக் கம்பெனியின் பெயரில் இங்கே கடை வைத்தால், வழக்கு வரும்போது எந்தக் கோர்ட்டுக்குப் போவது?” மாணவ நண்பர்களே, அதனையே ஈண்டு ஆராய்வோம்.

ஒரு நிறுவனம் தன் பெயரையும் வணிகக் குறியையும் தொழில் முறையையும் கட்டணம் பெற்றுப் பிறர்க்கு வழங்கும் உடன்படிக்கையே ஃபிரான்சைஸ் ஒப்பந்தம் எனப்படும். எச்சட்டப்படி அதற்குப் பொருள் கொள்வது என்பது ஒரு கேள்வி. எவ்வூர் மன்றத்தில் வழக்காடுவது என்பது மற்றொரு கேள்வி. இரண்டும் வேறு வேறு.

முதற் கேள்வியில் எல்லைப்புறத்தார்க்குக் கவலை குறைவே. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் கம்பத்துக்கும் குமுளிக்கும் பொது. ஃபிரான்சைஸுக்கெனத் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. மாநிலச் சட்டம் நுழையும் வாயில்கள் வேறு: முத்திரைத் தீர்வை, கோர்ட்டுக் கட்டணம், கட்டட வாடகை, கடைத் தொழிலாளர் உரிமை ஆகியவை. பீர்மேட்டுக் கடையின் ஊழியர்க்குக் கேரளச் சட்டமே காவல். ஒப்பந்தத்தில் சென்னை என்று எழுதியதால் அது மாறிவிடாது.

இடர்ப்பாடு இரண்டாம் கேள்வியில்தான். எதிர்வாதி வாழும் இடத்திலோ, வழக்கின் காரணம் முழுவதுமோ ஒரு பகுதியோ தோன்றிய இடத்திலோ வழக்கிடலாம் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. ஆனால், தகுதியுள்ள மன்றங்கள் பல இருப்பின் அவற்றுள் ஒன்றை மட்டும் ஒப்பந்தத்தால் தெரிந்துகொள்ளலாம்; தகுதியற்ற மன்றத்துக்கு அதிகாரம் அளிக்க இயலாது என்று ஹாகம் சிங் வழக்கில் 1971இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சேலத்து வணிகர் ஒருவருக்கும் குஜராத் ஆலைக்கும் நிகழ்ந்த வழக்கில், ஒப்பந்தம் கைரா மன்றத்தைச் சுட்டியிருந்தும், ‘மட்டும்’ போன்ற விலக்குச் சொல் இல்லாமையால் சேலத்து மன்றமும் விசாரிக்கலாம் என்று 1989இல் முடிவாயிற்று. அந்த ஆறுதல் நீடிக்கவில்லை. 2013இல் ஸ்வஸ்திக் காஸஸ் வழக்கில், அச்சொல் இல்லாதபோதும் குறித்த ஊரே ஊர் என்றது அதே நீதிமன்றம். 2017இல் இண்டஸ் மொபைல் வழக்கு வந்தது. நடுவர் தீர்ப்பின் இருக்கை மும்பை என எழுதியிருந்ததால், சரக்குச் சென்னையில் பெறப்பட்டிருந்தும் மும்பை மன்றத்துக்கே அதிகாரம் என்று முடிவாயிற்று.

அமெரிக்காவிலும் இதே போராட்டம் நடந்தது. மிச்சிகனில் உணவகம் நடத்தியவர் ஃபுளோரிடா மன்றத்துக்கு இழுக்கப்பட்டது செல்லும் என்று 1985இல் பர்கர் கிங் வழக்கில் தீர்ப்பாயிற்று. ஆனால் கலிபோர்னியா மாநிலம் பின்னர்ச் சட்டமியற்றியது: தன் எல்லைக்குள் நடக்கும் ஃபிரான்சைஸ் வழக்கை வெளி மாநிலத்துக்குக் கட்டாயப்படுத்தும் விதி செல்லாது. நடுவர் தீர்ப்பு விதி இருக்குமிடத்தில் மட்டும் கூட்டாட்சிச் சட்டம் அதனை முந்திக்கொள்கிறது.

நம் மாநிலங்களுக்கு அவ்வதிகாரம் இல்லையோ எனின், உண்டு. ஒப்பந்தமும் உரிமையியல் நடைமுறையும் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் உள்ளவை. மத்தியச் சட்டத்தோடு முரண்படினும், குடியரசுத் தலைவரின் இசைவு பெற்றால் மாநிலச் சட்டம் அம்மாநிலத்தில் நிலைக்கும் என்கிறது 254ஆம் உறுப்பு. சிறு கடைக்காரர் தம் ஊரிலேயே நீதி கேட்க வழி செய்வது மாநில மன்றங்களின் கையில் இருக்கிறது.

அதுவரை நாம் செய்யத்தக்கது ஒன்று. வீட்டிலோ ஊரிலோ ஒருவர் இத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், கடைசிப் பக்கத்தை அவர்க்குத் தமிழில் படித்துக் காட்டுவோம். லாபப் பங்கு முதற்பக்கத்தில் இருக்கும். அது கிடைக்காதபோது ஏற வேண்டிய படி எவ்வூரில் உள்ளது என்பது கடைசிப் பக்கத்தில் இருக்கும்.