பத்தமடைப் பாய் நெசவு

பத்தமடை என்றதும் சான்றோர் பலரின் நினைவுக்கு வருபவர் சுவாமி சிவானந்தர். 1887இல் அவ்வூரில் பிறந்து, மருத்துவராகப் பணியாற்றி, பின்னர் இமயமலையின் அடிவாரமான ரிஷிகேசத்தில் வாழ்ந்த துறவி அவர். ஆனால் நம் வீடுகளில் பத்தமடை என்றால் பாய்தான். கல்யாணச் சீர்வரிசையில் மணமக்கள் பெயர் நெய்த பாய் இல்லாவிட்டால் குறை சொல்ல ஆள் உண்டு. என் அக்காள் திருமணத்திற்கு அப்படி ஒரு பாய் வாங்கச் சென்றதன் விளைவே இக்கட்டுரை.

சங்கரன்கோவிலில் பிறந்தவனுக்குத் தறி புதிதன்று. என் பாட்டனார் குழித்தறியில் நெய்தவர். தந்தையார் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறார். எனவே பாய்த்தறியை ஒரே பார்வையில் விளங்கிக்கொள்வேன் என்ற இறுமாப்புடன்தான் போனேன். ஆனால் தறி என்று சொல்லத்தக்க எதுவும் அங்கே கண்ணில் படவில்லை! ஒரு வீட்டுத் திண்ணையில் இரு மூங்கில் கழிகளுக்கிடையே பருத்தி நூல் பாவு விரித்திருந்தது. அதைத் தாங்க ஒரு மூங்கில் முக்காலி, துளையிட்ட மர அச்சு ஒன்று, இரண்டு பெண்கள். அவ்வளவே. இத்தொழிலில் ஈடுபட்டிருப்போர் பெரும்பாலும் அவ்வூர் இசுலாமியக் குடும்பத்துப் பெண்களே.

நம் ஊர்த் தறியில் பாவும் நூல், ஊடும் நூல். அங்கே பாவு நூல், ஊடு கோரை. இந்த ஒரு வேறுபாட்டில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நூலைத் தாராகச் சுற்றி நாடாவில் வைத்தால், அது நிமிடத்திற்கு நூறு முறைக்கு மேல் பாவுக்குள் ஓடும். கோரையோ ஒவ்வோர் இழையும் தனித்தனி. ஒரு பெண் நீண்ட குச்சியில் இழையைக் கோத்து உள்ளே செலுத்த, மற்றவர் அச்சை இழுத்து நெருக்குகிறார். பிறகு அடுத்த இழை.

கோரை, பார்வைக்குப் புல் போன்றிருந்தாலும் புல்லினம் அன்று. சைப்பரேசி குடும்பத்தைச் சேர்ந்தது. புல்லின் தண்டில் கணு உண்டு; கோரைத் தண்டில் இல்லை. அதனால்தான் அடி முதல் நுனி வரை அறாமல் வகிர முடிகிறது. தாமிரபரணிக் கரையிலும் சதுப்பு நிலங்களிலும் வளர்ந்ததைப் பச்சையாக அறுத்து, கிழித்து, உள்ளிருக்கும் வெண்சோற்றை வழித்து, வெயிலில் காய வைப்பர். நயமான பாய்க்கு இது போதாது. ஓடும் ஆற்று நீரில் சில நாட்கள் ஊறப்போட்டு, பருத்த பின் மீண்டும் உலர்த்தி, நூல்போல மெல்லியதாக வகிர வேண்டும். அவ்வாறு நெய்த பாயைத் துணிபோல மடிக்கலாம். பட்டுப்பாய் என்பது அதற்குப் பெயர்.

வேதியியல் மாணவன் என்ற முறையில் சாயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முற்காலத்தில் பாய்க்கோரைக்குச் சிவப்பு ஏற்றச் சப்பங்கிக் கட்டை, கடுக்காய், காயா இலை ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சினர். சப்பங்கியிலுள்ள பிரேசிலின் நிறமற்றது. காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால்தான் பிரேசிலீன் என்னும் சிவப்புப் பொருளாகும். அச்சிவப்பு நாரில் நிலைக்கப் படிகாரம் போன்ற ஓர் அலுமினியச் சேர்மம் தேவை. காயா இலையோ மண்ணிலிருந்து அலுமினியத்தை ஈர்த்துத் தன்னுள் சேர்த்துவைக்கும் இயல்புடையது. திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்கிறோமே, அதே காயா! நாம் ஆய்வகத்தில் சோதனைக் குழாயுடன் தேடும் அலுமினியத்தை, பள்ளிக்கூடமே போகாத அந்நாளையோர் இலையில் கண்டுபிடித்திருந்தனர். இன்று கடையில் விற்கும் செயற்கைச் சாயமே பெரிதும் வழங்குகிறது. வேலை எளிது என்கிறார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன்.

பத்தமடைப் பாய்க்கு 2012-13இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேற்றூர்ப் பாயை அப்பெயரில் விற்கக் கூடாது என்பதே அதன் பயன். பெயருக்குக் காவல் கிடைத்தது; கூலிக்குக் கிடைக்கவில்லை. கைத்தறிக்கென்று சில துணி வகைகளை ஒதுக்கி 1985இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அப்பட்டியலில் சேலை, வேட்டி, துண்டு, ஜமக்காளம் எல்லாம் உண்டு, கோரைப்பாய் இல்லை. ஒருபுறம் பிளாஸ்டிக் பாய், மறுபுறம் விசையால் ஓடும் பாய்த்தறி. விசைத்தறிக் கூலியில் படிக்கும் நான் விசையைப் பழிப்பது முறையன்று. ஆயினும், விசைப்பாயும் கைப்பாயும் ஒன்றே என்று எண்ணி விலை பேசுவோரைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

அன்று நானும் அப்படித்தான் விலை பேசினேன். "ஒரு பட்டுப்பாய்க்கு எத்தனை நாள் ஆகும், பெரியம்மா?" என்று கேட்டேன். மூத்தவர் நெய்யும் நாட்களை மட்டும் விரல்விட்டு எண்ணினார். ஒரு மாதத்தைத் தாண்டியது. கோரை ஊறவைத்தது, காயவைத்தது, வகிர்ந்தது எல்லாம்?

"அதையெல்லாமா கணக்குல சேப்பாக, தம்பி? அது வீட்டு வேலையோட வேலையாச் செய்யிறதுல்லா."

எனக்கு என் தாயாரின் நினைவு வந்தது. தந்தையாரின் தறிக்கு நாள்தோறும் தார் சுற்றித் தருபவர் அவர்தான். கல்லூரி விண்ணப்பத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியவன் நான்.

பேரம் பேசுவதை நிறுத்திவிட்டேன். ஆனால் பட்டுப்பாய்க்கு என் கையில் பணம் போதவில்லை. பெயர் நெய்த நடுத்தரப் பாய் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினேன்.