கொலோன் போகும் கதிருக்கு

அன்புள்ள கதிருக்கு,

உங்கள் குழு செய்த ஆட்டத்தை எடுத்துக்கொண்டு ஆகஸ்ட்டில் ஜெர்மனியின் கொலோனுக்கு, கேம்ஸ்காம் வீடியோ கேம் கண்காட்சிக்குப் போகிறாய் என்று அண்ணன் போனில் சொன்னார். சொல்லும்போதே அவருக்குப் பெருமை தாங்கவில்லை, எனக்கும்தான். ஈ3 மாதிரி இருக்குமா என்று நீ கேட்டதாகவும் சொன்னார். அதற்குப் போனில் பதில் சொல்லி முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

ஈ3 இனி இல்லை. 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் கன்வென்ஷன் சென்டரில் தொடங்கிய கண்காட்சி அது. 2020இல் கோவிட் அதை நிறுத்தியது. மறு வருடம் இணையத்தில் மட்டும் நடந்தது. 2023 டிசம்பரில் இனி நடத்தப்போவதில்லை என்று அறிவித்தே விட்டார்கள். வேலை நிமித்தம் அந்தக் கூடங்களில் கால் வலிக்க நடந்தவள் நான். அங்கே பார்த்ததில் உனக்கு உதவக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் 2006. சோனி தன் பிளேஸ்டேஷன் 3இன் பெரிய மாடலுக்கு 599 டாலர் விலை சொல்லியிருந்தது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 முந்தைய வருடமே கடைக்கு வந்துவிட்டது. நின்டெண்டோ கொண்டுவந்த 'வீ' படத் துல்லியத்தில் இரண்டுக்கும் பக்கத்தில் நிற்க முடியாது. சின்னப் பெட்டி, டிவி ரிமோட் போல ஒரு கன்ட்ரோலர், அவ்வளவுதான். ஆனால் கதவைத் திறந்ததும் கூட்டம் மற்ற அரங்குகளைத் தாண்டி ஓடியது அதை நோக்கித்தான். மணிக்கணக்கில் வரிசை. நான் வரிசையில் நிற்காமல், ஆடிவிட்டு வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நின்றேன். இந்தத் தொழிலில் ஊறிப்போன, எதற்கும் அசையாத ஆட்கள். அவர்கள் டென்னிஸ் மட்டையை வீசியது போலவே கையை வீசிக் காட்டி, அடுத்து நிற்கிறவரிடம் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். அந்தக் கன்சோல் பின்னால் பத்துக் கோடிக்கும் மேல் விற்றது. அன்று அது யாருக்கும் தெரியாது; ஆனால் அந்த முகங்களில் ஏதோ ஒன்று தெரிந்தது.

அதற்கு முந்தைய வருடம் சோனியின் நிகழ்ச்சியில் 'கில்ஜோன்' புதிய பாகத்தின் டிரெய்லரைப் பார்த்து அரங்கமே வாய் பிளந்தது. ஆட்டம் நிஜமாகவே இப்படித்தான் ஓடும் என்று பலரும் நம்பினார்கள். அது முன்கூட்டியே தனியாகச் செய்து வைத்த படம். ஆட்டம் கைக்கு வந்தது 2009இல். நல்ல ஆட்டம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை வருடமும் பேச்சு அந்த ஆட்டத்தைப் பற்றி இல்லை, அந்த டிரெய்லரைப் பற்றித்தான்.

'நோ மேன்ஸ் ஸ்கை' இன்னும் உனக்கு நெருக்கமான கதை. இங்கிலாந்தின் கில்ஃபோர்டில் இருக்கும் ஹலோ கேம்ஸ் ஒரு சின்ன ஸ்டுடியோ. 2014இல் அதைச் சேர்ந்த ஷான் மர்ரி சோனியின் மேடையில் ஏறி, எண்ண முடியாத கிரகங்கள் கொண்ட ஒரு பிரபஞ்சத்தைக் காட்டினார். 2016இல் ஆட்டம் வெளிவந்தபோது, பேட்டிகளில் கேட்ட பல விஷயங்கள் உள்ளே இல்லை என்று ஆடியவர்கள் கொதித்துப் போனார்கள். அவரும் குழுவும் பேச்சைக் குறைத்துக்கொண்டு வேலையில் இறங்கினார்கள். வருடக்கணக்கில் இலவசமாகப் புதுப்பித்துப் புதுப்பித்து, இழந்த மதிப்பைத் திரும்பப் பெற்றார்கள். அந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் அத்தனை வசவுகளை ஒரு சின்னக் குழு தாங்க வேண்டி வந்ததே என்று இன்றும் மனம் வலிக்கிறது.

உன் மேஜைக்கு வருகிறவர்களும் கேட்பார்கள், கதிர். இரண்டு பேர் சேர்ந்து ஆடலாமா, மொபைலில் வருமா, எத்தனை மணி நேர ஆட்டம் என்று. பப்ளிஷர் வந்து கேட்டால் 'வரும்' என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லாதே. இந்த டெமோவில் இருப்பது இது, முடிவு செய்யாதது இது என்று இரண்டையும் நேராகச் சொல். அதனால் ஒருவர் எழுந்து போனால் போகட்டும்.

ஆடுகிறவருக்குப் பின்னால் நிற்கும்போது வாயைத் திறக்காதே. இது கஷ்டம், தெரியும். வழி தெரியாமல் அவர் ஒரே சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார். 'அந்தப் பக்கம் போங்க' என்று சொல்லத் துடிப்பாய். நீ சொல்லிவிட்டால் அந்த இடம் சரியில்லை என்பது உனக்குத் தெரியாமலே போய்விடும். பந்தியில் 'சாப்பாடு எப்படி' என்று கேட்டால் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். நல்ல சமையல்காரர் இலையில் மீந்ததைப் பார்ப்பார். நீயும் அவர் கையைப் பார். எங்கே வேகமாகிறது, எங்கே தயங்குகிறது, எந்த இடத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைக்கிறார் என்று. ஒவ்வொருவர் எழுந்ததும் நோட்டில் குறித்துக்கொள். சாயங்காலம் எழுதலாம் என்று விட்டால் எல்லாம் கலந்துவிடும்.

மேடை பயம் என்றாயாமே? 2015இல் ஸ்வீடனின் கோல்ட்வுட் ஸ்டுடியோவிலிருந்து மார்ட்டின் சாலின் 'அன்ராவல்' ஆட்டத்தை அறிமுகம் செய்ய ஈ3 மேடைக்கு வந்தார். கையில் ஒரு சின்ன நூல் பொம்மை. குடும்பத்தோடு வெளியூரில் முகாம் போட்டிருந்தபோது அவரே செய்தது. கை நடுங்கியது ஊருக்கே தெரிந்தது. அந்த நடுக்கத்தால்தான் ஜனங்களுக்கு அவரைப் பிடித்துப்போனது. 2017இல் யூபிசாஃப்ட் நிகழ்ச்சியில், மரியோவைப் படைத்த மியாமோட்டோ மேடையிலிருந்து பாராட்டியபோது, 'மரியோ பிளஸ் ராபிட்ஸ்' ஆட்டத்தை இயக்கிய டேவிடே சொலியானி பார்வையாளர் நடுவில் உட்கார்ந்து அழுதார். பல வருட உழைப்பு முகத்தில் அப்படியே இறங்கியது. ஈ3 என்றால் எனக்கு இந்த இரண்டு பேரும்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்கள். உன் கையும் நடுங்கினால் நடுங்கட்டும்.

லாஸ் ஏஞ்சல்ஸில் தெற்குக் கூடத்துக்கு அடியில் கென்டியா கூடம் என்று ஒன்று இருந்தது. மேலே காது கிழியும் ஒலிபெருக்கிகள், மூன்று மாடி உயரத் திரைகள். கீழே இறங்கினால் சின்னச் சின்ன மேஜைகள். விசித்திரமான கன்ட்ரோலர்கள், டான்ஸ் மேட்கள், யாரும் பெயர் கேட்டிராத வெளிநாட்டு நிறுவனங்கள். பெரிய அரங்கில் யாரோ அச்சடித்துக் கொடுத்ததை ஒப்பிப்பார்கள். கென்டியாவிலோ செய்தவரே எதிரில் உட்கார்ந்திருப்பார். ஒரு கேள்வி கேட்டால் நாற்காலி இழுத்துப் போடுவார். நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அங்கே கற்றதுதான்.

கொலோனில் அதற்கு ஈடாகச் சின்ன ஸ்டுடியோக்களுக்கான இண்டி அரீனா பூத் இருக்கிறது. அங்கே கட்டாயம் போ. கேம்ஸ்காம் மூன்று லட்சம் பேருக்கு மேல் வரும் கண்காட்சி; முதல் நாளே, கூட்டம் முழுதாக ஏறுவதற்குள் சுற்றிவிடு. பெரிய ஆட்டங்களின் வரிசையில் அரை நாளைத் தொலைக்காதே, அவை எப்படியும் கடைக்கு வரும். சின்ன மேஜைக்காரரிடம் போனால் உன் ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பிக்காதே. அவருடையதை முழுதாக ஆடு. பிறகு, இதில் எந்த இடம் உங்களுக்கு இன்னும் திருப்தியாக வரவில்லை என்று கேள். அங்கிருந்துதான் நிஜமான பேச்சு தொடங்கும்.

பழகிய ஷூவைப் போட்டுக்கொள். டெமோவை இரண்டு பென் டிரைவில், இரண்டு பேர் பையில் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அண்ணி கட்டிக் கொடுக்கும் பொடியை மறுக்காமல் எடுத்துப் போ.

திரும்பி வந்ததும் நீ ஆடிப் பார்த்த சின்ன ஆட்டங்களின் பெயர்களை எனக்கு அனுப்பு. நானும் இங்கே வாங்கி ஆடிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அத்தை