ஓராண்டு வாழும் கணவாய்

புனே நகரில் கடல் இல்லை. கடலுக்கும் புனேவுக்கும் நடுவே சஹ்யாத்ரி மலை நிற்கிறது. ஆனாலும் புனேவில் கடல் மீன் கிடைக்கிறது. மும்பையிலிருந்தும் ரத்னகிரியிலிருந்தும் லாரிகள் மலை ஏறி வருகின்றன. ஐஸ் போட்ட பெட்டிகள் கணேஷ் பேட் மீன் சந்தையில் இறங்குகின்றன.

அந்தப் பெட்டிகளில் கணவாயும் உண்டு. மராட்டியில் இதற்கு மாகுல் என்று பெயர். தமிழ்நாட்டுக் கரையில் ஊசிக் கணவாய் என்பார்கள். நம் நாட்டுக் கரைகளில் அதிகம் பிடிபடுவது 'இந்தியக் கணவாய்' என்ற இனம்.

சில மாதங்களில் கணவாய் மலிவாகக் கிடைக்கும். சில மாதங்களில் கண்ணில் படாது. ஓர் ஆண்டு வலை நிறைய விழும். மறு ஆண்டு குறைந்து போகும். இது ஏன்? கணவாயின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் இதற்கு விடை கிடைக்கும்.

கணவாய் மீனா?

மீன் கடையில் விற்றாலும் கணவாய் மீன் அல்ல. அது நத்தைக்கும் மட்டிக்கும் உறவு. அதற்கு எலும்பு இல்லை. உடலுக்குள் கண்ணாடி போன்ற மெல்லிய தண்டு ஒன்று இருக்கும். அதற்கு 8 கைகள் உண்டு. இரையைப் பிடிக்க மேலும் 2 நீண்ட கைகள் உண்டு. அதன் இதயங்கள் 3. அதன் இரத்தம் நீல நிறம். ஆபத்து வந்தால் மையைக் கக்கிவிட்டுத் தப்பி ஓடும்.

பிறப்பும் இறப்பும்

தாய்க் கணவாய் கடலின் அடியில் முட்டை இடும். முட்டைகள் விரல் போன்ற வழவழப்பான பைகளில் இருக்கும். ஒவ்வொரு பையிலும் பல முட்டைகள் இருக்கும். கல்லிலும் கடல் பாசியிலும் பைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். முட்டை பொரித்து வரும் குஞ்சு பார்ப்பதற்குச் சின்னக் கணவாய் போலவே இருக்கும். அதைக் காக்கத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. அன்று முதல் தானே இரை தேட வேண்டும். சின்ன மீன், இறால், சில நேரம் சின்னக் கணவாய், எல்லாவற்றையும் தின்று வேகமாக வளரும்.

கணவாயின் ஆயுள் ஏறக்குறைய ஓராண்டுதான். முட்டை இட்டு முடித்ததும் பெரும்பாலும் இறந்துவிடும்.

வயதை எப்படி அறிவது?

கணவாயின் தலைக்குள் இரண்டு சின்னஞ்சிறு கற்கள் இருக்கின்றன. அவை அரிசியைவிடச் சிறியவை. உடல் சாயாமல் நீந்த அவை உதவுகின்றன. அந்தக் கல்லில் நாளுக்கு ஒரு வளையம் வளரும். விஞ்ஞானிகள் கல்லைத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்து வளையங்களை எண்ணுகிறார்கள். மரத்தின் வயதை வளையம் எண்ணி அறிவது போலத்தான் இதுவும். மரத்தில் வளையம் ஆண்டைக் காட்டும். கணவாயில் நாளைக் காட்டும்.

எல்லாம் ஒரே அளவில் இல்லை

ஒரே கூடையில் பெரிய கணவாயும் சிறிய கணவாயும் இருக்கும். அவை வேறு வேறு இனம் என்று சிலர் நினைப்பார்கள். அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. இந்தியக் கணவாயில் ஆண்தான் அதிக நீளம் வளரும். பெண் குட்டையாக இருக்கும். பிறந்த மாதமும் கணக்கில் சேரும். வெதுவெதுப்பான நீரில் முட்டை சீக்கிரம் பொரியும். இரை நிறைய இருந்தால் குஞ்சு வேகமாக வளரும். அதனால் ஒரே வயதுள்ள கணவாய்கள்கூட இடத்துக்கு இடம் அளவில் மாறும்.

இந்தியக் கணவாய் ஆண்டு முழுவதும் முட்டை இடும். சில மாதங்களில் அதிகமாக இடும். ஆகவே கடலில் எப்போதும் குஞ்சும் இருக்கும், வளர்ந்ததும் இருக்கும்.

நெல்லும் தென்னையும்

தென்னை பல ஆண்டு காய்க்கும். ஓர் ஆண்டு காய்ப்பு குறைந்தாலும் மரம் நிற்கும். நெல் அப்படி அல்ல. ஆண்டுதோறும் விதைக்க வேண்டும். விதைநெல்லைத் தின்றுவிட்டால் அடுத்த விளைச்சல் இல்லை.

பல ஆண்டு வாழும் மீன்கள் தென்னை போன்றவை. கணவாயோ நெல் போன்றது. அடுத்த ஆண்டுக்கு மிஞ்சி நிற்க வயதான கணவாய்கள் இல்லை. இந்த ஆண்டு முட்டை கெட்டால், இரை குறைந்தால், அடுத்த ஆண்டு வலையில் அது தெரியும்.

இதில் நல்லதும் ஒன்று உண்டு. விதையை விட்டுவைத்தால் கணவாய் சீக்கிரம் பெருகும்.

மீனவர் குடும்பங்களுக்கு இது பெரிய விஷயம். கணவாயை உறையவைத்து வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறார்கள். நல்ல விலை கிடைத்த ஓர் ஆண்டைப் பார்த்துக் கடன் வாங்கிவிடலாம். அடுத்த ஆண்டு கணவாய் குறைந்தால் கடன் மட்டும் மிஞ்சும்.

விதையைக் காப்பது எப்படி?

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. இது மழைக்காலத் தடை. இது நல்லது. ஆனால் கணவாய் ஆண்டு முழுவதும் முட்டை இடுகிறது. அதனால் தடை மட்டும் போதாது.

இழுவை வலையின் கடைசிப் பையில்தான் எல்லாம் சேரும். சாய்சதுரக் கண்கள் உள்ள வலையை இழுத்தால் கண்கள் மூடிக்கொள்ளும். குஞ்சும் சிக்கிக்கொள்ளும். சதுரக் கண் வலை இழுக்கும்போதும் திறந்தே இருக்கும். குஞ்சுகள் தப்பிப் போகும்.

மிகச் சிறியவற்றைப் பிடிக்காமல் விடுவதும் முக்கியம். மகாராஷ்டிர அரசு 2023ஆம் ஆண்டு 54 வகைக் கடல் உயிரினங்களுக்குக் குறைந்த அளவு இவ்வளவு என்று விதி செய்தது. அந்த அளவுக்குக் கீழே உள்ளதைப் பிடிக்கக் கூடாது. கேரளம் இதற்கு முன்பே இப்படி விதி செய்திருந்தது.

வாங்குகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. விரல் நீளக் குஞ்சுகளை மலிவு என்று வாங்கினால், பிடிக்கிறவர் மேலும் பிடிப்பார். வாங்க ஆள் இல்லாவிட்டால் வலையின் கண் பெரிதாகும். கடல் தொலைவில் இருக்கலாம். ஆனால் புனே சந்தையில் எது விலைபோகிறதோ, அது கடலிலும் குறையும்.

படித்தோம், பேசுவோம்

1. கணவாயின் வயதை எப்படி அறிகிறார்கள்?
2. கணவாயை நெல்லுக்கு ஒப்பிடுவது ஏன்?
3. 61 நாள் தடை மட்டும் கணவாய்க்குப் போதாது. ஏன்?
4. உங்கள் ஊர்ச் சந்தையில் சிறிய மீன் குஞ்சுகள் விற்கிறார்களா? யார் வாங்குகிறார்கள்? என்ன செய்யலாம்?