மீட்சி யாருடைய வீட்டுக்கு வந்தது?
(குடும்பங்களுக்கான சமூகப் பாடம்)



“நாடு நெருக்கடியிலிருந்து மீண்டு வருகின்றது” என்று செய்திகள் கூறுகின்றன. “அப்படியானால் அடகு வைத்த எங்கள் நகை ஏன் இன்னும் மீளவில்லை, சுவாமி?” என்று திருப்பலி முடிந்ததும் தாய்மார் கேட்கின்றனர். இரண்டு கூற்றும் உண்மையே. இரண்டும் எங்ஙனம் ஒரே காலத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதையே இன்றைய பாடத்தில் ஆராய்வோம். திருகோணமலைத் துறைமுகத்தையும், அதற்கு எதிரே கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூரையும் உதாரணமாகக் கொள்வோம்.

1. விழுந்த ஆழமும் ஏறிய உயரமும்

2022 ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல்கள், அவ்வாண்டின் இறுதியில் செய்யப்பட்ட பெரும் வரிக் குறைப்பு, கொரோனாத் தொற்று, 2021 இல் திடீரென விதிக்கப்பட்ட இரசாயன உரத் தடை ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்தன. டொலர் கையிருப்பு வற்றியது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர்.

2022 இல் நாட்டின் உற்பத்தி 7.3 சதவீதம் சுருங்கியது. 2023 இல் மேலும் 2.3 சதவீதம் குறைந்தது. 2024 இல் 5 சதவீதம் வளர்ந்தது. இக்கணக்கைப் பிள்ளைகளிடம் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். 2021 இல் 100 ஆக இருந்தது 92.7 ஆகி, பின் 90.6 ஆகி, 2024 முடிவில் ஏறத்தாழ 95 ஆயிற்று. வளர்ச்சி உண்மைதான். ஆயினும் கிணற்றில் விழுந்தவன் அப்போது பாதி ஏணிதான் ஏறியிருந்தான். கரைக்கு வந்திருக்கவில்லை.

விலைவாசியும் அவ்வாறே. 2022 செப்ரெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதமாக இருந்தது. ஓராண்டின் பின் அது மிகவும் தாழ்ந்தது. 2024 இறுதியிலிருந்து சில மாதங்கள் விலைகள் சற்று இறங்கவும் செய்தன. ஆனால் பணவீக்கம் குறைந்தது என்பதற்கு விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பின என்பது பொருளன்று. 100 ரூபாவுக்கு விற்ற பொருள் 170 ஆகி, அங்கேயே நின்றாலும் பணவீக்கம் பூச்சியமே. அதே காலத்தில் வீட்டு வருமானம் 100 இலிருந்து 140 க்கு மட்டுமே உயர்ந்திருந்தால், அந்த 30 ரூபா இடைவெளியை நிரப்புவது எது? அடகுக் கடையும் கடன் புத்தகமுந்தான்.

கடற்றொழிலாளர் ஒருவரின் கணக்கைப் பாருங்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. கடலுக்குப் போய்வர 20 லீற்றர் தேவையானவருக்கு 1,740 ரூபாச் செலவு 6,800 ரூபா ஆயிற்று. பின்னர் விலை குறைக்கப்பட்டது. 87 க்குத் திரும்பவில்லை. மீன் அகப்படாத நாளிலும் எண்ணெய்க்குக் காசு கொடுத்தேயாக வேண்டும்.

உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2019 இல் இலங்கையில் நூற்றுக்குப் பதினொருவர் அளவில் வறியவராயிருந்தனர். 2023 இல் நால்வரில் ஒருவர் வறியவரானார். இந்த வீழ்ச்சியை ஓரிரு ஆண்டு வளர்ச்சி துடைத்துவிட மாட்டாது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலும் வெள்ளமும் மூதூர்ப் பகுதியையும் விட்டுவைக்கவில்லை. ஏறிக்கொண்டிருந்தவனின் ஏணியில் மீண்டும் ஓர் அடி விழுந்தது.

2. துறைமுகம் கற்பிக்கும் பழைய பாடம்

உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று நம் வாசலில் இருக்கின்றது. அவ்வாறாயின் செல்வம் ஏன் நம் வாசலில் இல்லை? காரணம், இத்துறைமுகம் நெடுங்காலம் பிறருடைய தேவைக்காகவே இயங்கியது. பிரித்தானியக் கடற்படைத் தளத்தை நம்பி ஒரு நகரமே வாழ்ந்தது. 1957 இல் அத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டபோது கொடி மாறியது. அத்தளம் கொடுத்த வேலையும் பலருக்குப் போயிற்று. ஒரே எசமானை நம்பிய ஊர், அந்த எசமான் போகும்போது வெறுங்கையோடு நிற்கும் என்பதே முதற்பாடம்.

பின்னர் சீனக்குடாவில் பிறிமா மாவாலை வந்தது. டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை வந்தது. புல்மோட்டையில் கனிய மணல் அகழப்பட்டது. இவை இன்றும் பலருக்குச் சோறிடுகின்றன. கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலையோ 1993 இல் மூடப்பட்டது. அதற்கு 1983 முதலான போரையும், 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இம்மாவட்டம் 2022 இல் முதன்முதலாக வீழ்ந்ததன்று. வீழ்ந்து வீழ்ந்து எழுந்துகொண்டிருந்த வேளையிலேதான் மீண்டும் வீழ்ந்தது.

இன்று பேசப்படும் திட்டங்கள் பல. சீனக்குடாவில் பிரித்தானியர் அமைத்த 99 எண்ணெய்த் தாங்கிகள் தொடர்பாக 2022 ஜனவரியில் இந்தியாவுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் என்று பிரிக்கப்பட்டன. 2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை ஆகிய மூன்றும் கையொப்பமிட்டன. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் தாங்கி நிரம்பினால் அயல்வீட்டுப் பானையும் நிரம்பும் என்பதற்கு எந்த ஒப்பந்தமும் உறுதியளிப்பதில்லை.

3. சம்பூரின் கணக்குப் புத்தகம்

2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்கும் எறிகணைக்கும் அஞ்சிச் சம்பூர் மக்கள் ஓடினர். வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, பின் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முதலிய முகாம்களில் ஆண்டுக்கணக்காய்க் காத்திருந்தனர். அவர்களது நிலத்தில் ஒரு பகுதி முதலீட்டுக்கென ஒதுக்கப்பட்டது. ஒரு பகுதியில் கடற்படை முகாம் எழுந்தது. 2015 இல் முதலீட்டுக்கு ஒதுக்கிய 818 ஏக்கரும், 2016 மார்ச்சில் கடற்படையிடமிருந்த 237 ஏக்கரும் மக்களுக்கு மீண்டன. பத்தாண்டுகள் உழாத நிலத்துக்கும், கூரையற்ற வீட்டுக்கும் அவர்கள் திரும்பினர்.

இந்திய நிறுவனத்தோடு சேர்ந்து 500 மெகாவாற் நிலக்கரி மின் நிலையம் அமைக்க 2011 இல் உடன்பாடாயிற்று. மண்ணும் கடலும் மாசுபடும் என்று மக்கள் எதிர்த்தனர். 2016 இல் அது கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின் திட்டம் 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி தொடக்கி வைக்கப்பட்டது. புகையைவிட வெயில் நல்லதே. எனினும் சூரியத் தகடுகளைப் பொருத்தும் காலத்தில் பலருக்கு வேலை கிடைக்கும். பொருத்திய பின் காவலுக்கும் பராமரிப்புக்கும் சிலர் போதும். ஆகவே நம் பிள்ளைகள் மின் தொழில்நுட்பம் கற்றவராயில்லாவிடின், ஊரில் மின்சாரம் பிறக்கும். ஊதியம் வேறூருக்குப் போகும்.

சம்பூரில் வாழ்வோர் பெரும்பாலும் இந்துச் சகோதரர். அயலிலுள்ள மூதூரில் இஸ்லாமியர் பெருந்தொகையினர். “இது எங்கள் பங்கின் விவகாரமல்லவே” என்று கத்தோலிக்கர் ஒருவர் கூறலாகாது. நல்ல சமாரியர், அடிபட்டுக் கிடந்தவனிடம் மதம் கேட்கவில்லை.

4. திருச்சபையின் அளவுகோல்

பொருளாதாரத்தை அளக்கத் திருச்சபையிடம் தனியான ஓர் அளவுகோல் உண்டு. 1891 இல் திருத்தந்தை 13 ஆம் லியோ, தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலி அவன் சிக்கனமாய் வாழப் போதியதாயிருத்தல் வேண்டும் என்று கற்பித்தார். 1967 இல் 6 ஆம் பவுல், வளர்ச்சி என்பது பொருள் வளர்ச்சி மட்டுமன்று, ஒவ்வொரு மனிதனும் முழு மனிதனாய் வளர்வதே என்றார். 1981 இல் 2 ஆம் யோவான் பவுல், மூலதனத்துக்கு முன்பாக உழைப்பு நிற்கின்றது என்றார். 2025 இல் தெரிவான திருத்தந்தை, லியோ என்னும் பெயரைத் தேர்ந்ததற்கு இச்சமூகப் போதனையும் ஒரு காரணம் என்று கூறியுள்ளார்.

நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை நினைவுகூருங்கள் (1 அரசர் 21). அரசன் நல்ல விலை தருவதாகவே கேட்டான். நாபோத்துக்கோ அது முன்னோரின் உரிமைச் சொத்து. அவன் மறுத்ததும் பொய்ச்சாட்சியும் கொலையும் பின்தொடர்ந்தன. நிலத்தில் ஒரு திட்டம் வருவது பாவமன்று; நிலத்தவனைக் கேளாமல் வருவதே பாவம்.

5. நம் வீட்டில் செய்யத்தக்கவை

முதலாவது, கடனை அறிந்து வாங்குங்கள். 10,000 ரூபா வாங்கி, வாரம் 1,000 வீதம் 12 வாரம் கட்டினால் வட்டி 2,000 ரூபா; “இருபது சதவீதந்தானே” என்று தோன்றும். ஆனால் வாராவாரம் முதல் குறைவதால் சராசரியாக உங்கள் கையிலிருந்தது பாதியளவே. காலமும் மூன்று மாதத்துக்கு உட்பட்டது. ஆண்டுக் கணக்கில் அவ்வட்டி 150 சதவீதத்தைத் தாண்டும். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குபவர், ஓட்டைத் தோணிக்குள் இன்னொரு ஓட்டை போடுகின்றார்.

இரண்டாவது, கணவனும் மனைவியும் ஒன்றாயிருந்து வரவு செலவு எழுதுங்கள். கடனை ஒளிப்பதால் குடும்பம் உடைகின்றது. சொல்வதால் பாரம் பாதியாகின்றது.

மூன்றாவது, பிள்ளைக்கு ஒரு கைத்தொழில் கற்பியுங்கள். வெளிநாடு போவதொன்றே வழியென்று எண்ண வேண்டாம்.

நான்காவது, சிக்கனக் கடனுதவுக் கூட்டுறவுச் சங்கங்களில் சேருங்கள். தனியே கட்ட முடியாத வலையை ஊராய்ச் சேர்ந்து கட்டலாம்.

வீட்டில் கலந்துரையாட:

அ. சென்ற மூன்றாண்டுகளில் நம் வீட்டில் முதலில் குறைக்கப்பட்டது எது? உணவா, பிள்ளையின் படிப்பா, தாயின் மருந்தா?
ஆ. நம்மிடம் வேலை செய்பவருக்கு நாம் கொடுக்கும் கூலி, விலைக்கேற்ப உயர்ந்ததா?
இ. நம் அயலில் கடனால் வெட்கி, ஆலயத்துக்கும் வராது ஒதுங்கியிருக்கும் குடும்பம் எது? இந்த வாரம் அங்கே செல்பவர் யார்?

மூன்றாம் கேள்விக்கு விடை பேச்சிலன்று, நடையில் இருக்கின்றது. அந்த வீட்டுக் கதவை நீங்கள் தட்டும்போது, மீட்சி அங்கே சிறிதளவாவது வந்து சேரும்.