காலாண்டு வரி கட்டினால் மட்டும் போதுமா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் காம்போசிஷன் முறையில் இருக்கும் மளிகை வியாபாரிகள் சிலர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.எம்.பி.-08 படிவத்தில் வரி கட்டியதோடு வேலை முடிந்ததென்று இருந்துவிடுகிறார்கள். முடியவில்லை. ஆண்டுக் கணக்கை ஜி.எஸ்.டி.ஆர்.-4 படிவத்தில் தனியே தாக்கல் செய்யவேண்டும். 2024-25ஆம் நிதியாண்டு முதல் அதற்குக் கடைசி நாள் ஜூன் 30.

தவறினால் நாளொன்றுக்கு ரூ.50 தாமதக் கட்டணம், உச்சவரம்பு ரூ.2,000. இதையாவது தாங்கிக்கொள்ளலாம். கடைசி நாள் தாண்டி மூன்று மாதமாகியும் தாக்கல் செய்யாவிட்டால், பதிவையே ரத்து செய்ய அதிகாரிக்கு இடமுண்டு. கம்பெனி கேன்டீனுக்குச் சரக்குப் போடுபவர் நிலைமையை எண்ணிப் பாருங்கள்!

நோட்டீசுக்குத் தபால்காரரை எதிர்பார்க்காதீர்கள். பதிவில் கொடுத்த மின்னஞ்சலுக்குத்தான் வரும்; அது கணக்கருடையதாக இருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? பதில் தர ஏழு வேலை நாள்தான். அதற்குள் நிலுவைக் கணக்கையும் கட்டணத்தையும் செலுத்தினால் நடவடிக்கை கைவிடப்படும். ரத்தாகிவிட்டாலும், உத்தரவு கிடைத்த 90 நாளுக்குள் மீட்க மனுச் செய்யலாம்.